வளையல் சைஸ் இரண்டு பத்து

எர்ணாகுளம் பிராட்வேயில் வளையல் கடைக்காரர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்ப்பார்கள். அன்றைக்கும் அப்படித்தான். தட்டுத் தட்டாக எடுத்துக் கலைத்துக்கொண்டிருந்தது நான் இல்லை, என் பக்கத்தில் நின்ற பையன் என்பதைக் கடைக்காரர் கவனித்துவிட்டார். அவன் மணிக்கட்டை ஒரு பார்வை பார்த்து, உள்ளே திரும்பி "இரண்டு பத்து" என்று குரல் கொடுத்தார். வந்தது. ஒரு பிளாஸ்டிக் பையை அவன் கையில் உறைபோல மாட்டி, அதன்மேல் ஒவ்வொன்றாக வளையலை வழுக்கி ஏற்றிவிட்டுப் பையை உருவிக்கொண்டார். கல்யாணப் பெண்ணுக்குச் செய்கிற அதே வித்தை. "கலோல்சவமோ?" என்று ஒரு கேள்வி. "அல்ல சேட்டா, ப்ரோக்ராம்." "ஆ." அவ்வளவுதான் விசாரணை. டசனுக்கு விலை மட்டும் குறையவில்லை.

சென்னை பிராட்வே என்று நினைத்துவிடாதீர்கள். இது இங்கே படகுத்துறைக்கும் மார்க்கெட்டுக்கும் நடுவில் இருக்கிற தெரு. மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சி ஆட்கள் மொத்தமாகச் சாமான் வாங்க அக்கரையிலிருந்து வருவார்கள். லேஸ், பட்டன், ஜரிகை, குந்தன் கல், சவுரி, முத்துமாலை, ஜாக்கெட்டுக்கு வைக்கும் பேட் எல்லாம் ஒரே நடையில் கிடைக்கும். கேரளத்தில் பள்ளிக் கலோல்சவம் என்று ஒன்று இருக்கிறதே, அதற்காக வருஷா வருஷம் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் மோகினியாட்டத்துக்கும் ஒப்பன நடனத்துக்கும் சாமான் தேடுகிறார்கள். அதனால் இந்தக் கடைகளில் வேஷம் என்பது ஒரு சரக்கு. யார் போடுகிறார்கள் என்பது கடைக்காரரின் கவலை இல்லை.

என்னோடு வந்தவன் காக்கநாட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். மாதத்தில் ஓரிரு ராத்திரி பெண்வேஷம் கட்டி டிராக் மேடை ஏறுகிறான். பெயர் சொல்ல மாட்டேன், மேடைப் பெயரும் சொல்ல மாட்டேன், வீட்டில் இன்னும் தெரியாது. வேஷத்தில் இருக்கும்போது அவள், கலைத்துவிட்டால் அவன். இது அவனே போட்ட விதி. என்னைச் சேச்சி என்பான். என் தமிழும் அவன் மலையாளமும் சேர்ந்து ஒரு பாஷை ஆகிவிட்டது.

புருவத்தை மறைக்கப் பள்ளிப் பிள்ளைகள் காகிதம் ஒட்டும் பசைக் குச்சியைத் தடவி, காயவிட்டு, மறுபடி தடவி, பவுடர் போட்டு அமுக்க வேண்டும் என்பது எனக்கு அவன் சொல்லித்தான் தெரியும். சவரம் பண்ணிய தாடையில் பச்சை தெரியாமல் இருக்க முதலில் ஆரஞ்சு நிற லிப்ஸ்டிக் பூசி, அதன்மேல் ஃபவுண்டேஷன். இடுப்புக்கு மெத்தைக் கடை ஸ்பாஞ்சை வாங்கிக் கத்தரிக்கோலால் செதுக்குகிறான். ஒன்பதாம் நம்பர் காலுக்குப் பெண்கள் ஹீல்ஸ் கிடைப்பதுதான் பெரும்பாடு. இரண்டு மணி நேரம் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, மேடையில் நாலு நிமிஷப் பாட்டு. வாங்கும் பணத்தில் பாதி பிராட்வேக்கே திரும்பிப் போய்விடுகிறது என்பான்.

டீக்கடையில் உட்கார்ந்தபோது பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தான். பழைய அக்கவுண்ட்ஸ் நோட்டு. மலையாளத்தில் எழுதிக்கொண்டு வருகிறானாம். கொஞ்சம் படித்துக் காட்டிவிட்டுக் கேட்டான்: "நம்முடெ ஆள்க்கார் ஆரெங்கிலும் எழுதியிட்டுண்டோ சேச்சீ?" நம்ம ஆட்கள் யாராவது இதற்கு முன்னால் எழுதியிருக்கிறார்களா என்று. அமெரிக்காவில் டிராக் ஆடும் ருபால் தன் கதையை எழுதியது அவனுக்குத் தெரியும். 1995-இல் ஒன்று, 2024-இல் இன்னொன்று என்று வருஷத்தோடு சொல்கிறான். கன்னியாகுமரிக்கும் காசர்கோட்டுக்கும் நடுவில் யார் எழுதினார்கள் என்பது தெரியாது. டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற பதில் இல்லை. அதனால் இந்தப் பதிவு.

நாடக நடிகர் டி.கே. சண்முகத்திலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அவர் பிறந்த ஊரே திருவனந்தபுரம். 1912-இல் பிறந்தார். (பிராட்வேக்குப் பக்கத்தில் காயலோரம் போகிற ஷண்முகம் ரோடு இவர் பெயரில் இல்லை. அது கோயம்புத்தூர் ஆர்.கே. சண்முகம் செட்டியார், கொச்சி திவானாக இருந்து பிறகு சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர் ஆனவர்.) டி.கே. சண்முகத்தின் தந்தை கண்ணுசாமிப் பிள்ளை பேர் பெற்ற ஸ்திரீபார்ட் நடிகர். அந்தக் காலத்து நாடக உலகில் ராஜபார்ட், கள்ளபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் என்று பதவிகள் மாதிரி பிரித்து வைத்திருந்தார்கள். பெண்வேஷம் கட்டுகிறவர் குடும்பஸ்தர், சம்பளக்காரர், ஊருக்கு ஊர் ரசிகர் உள்ளவர். 1918-இல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கியபோது சண்முகம் ஆறு வயதில் அண்ணன்களோடு சேர்ந்தார். பாய்ஸ் கம்பெனி. பையன்களே ராஜா, பையன்களே ராணி. மகரக்கட்டு உடைந்து குரல் கரகரத்த அன்றைக்கு ராணி பதவி போய்விடும். சிவாஜி கணேசன்கூட சிறுவனாகக் கம்பெனியில் சேர்ந்ததும் போட்டது சீதை வேஷம்தான்.

சண்முகம் வளர்ந்து முப்பதை ஒட்டிய வயதில் ஔவையார் ஆனார். இளம் பெண்ணாகவா என்றால் இல்லை, பல் போன கிழவியாக. அந்த வேஷத்துக்காகப் பல்லையே பிடுங்கிக்கொண்டார் என்று நாடகக்காரர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். 'ஔவை' என்பது அவர் பெயருக்கு முன்னால் நிரந்தரமாக ஒட்டிக்கொண்டது. ஓர் ஆண், பெண்ணாக நடித்த பாத்திரத்தின் பெயரைப் பட்டமாகச் சுமந்து மேலவை உறுப்பினராகவும் இருந்த ஊர் நம்முடையது. 1972-இல் 'எனது நாடக வாழ்க்கை' வந்தது, அடுத்த வருஷம் அவர் காலமானார். அந்தப் புத்தகத்தில் எனக்குப் பிடித்தது பெருமை பேசும் இடங்கள் இல்லை. கம்பெனி சாப்பாடு, ரயில் பயணம், வசூல் இல்லாத ஊர், கடன், ஓடிப்போன நடிகர்கள், சுவாமிகள் ஒரே ராத்திரியில் 'அபிமன்யு சுந்தரி' எழுதி முடித்தது, இந்த மாதிரி விஷயங்கள். தொழிலை உள்ளிருந்து சொல்லும் எழுத்து. ஆனால் கவனியுங்கள், வாழ்நாள் முழுக்க ஸ்திரீபார்ட் கட்டிய அப்பாவை நாம் மகன் வழியாகத்தான் அறிகிறோம்.

பம்மல் சம்பந்த முதலியார் விஷயத்திலும் இதே கதை. 1891-இல் சென்னையில் அவர் தொடங்கியது சுகுண விலாச சபை. வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் பொழுதுபோக்காக நடித்த சபை. அங்கேயும் பெண் வேஷம் ஆண்களுக்கே. அவர்களில் முதலிடம் ரங்கவடிவேலுவுக்கு. பம்மலுக்கு எதிரே கதாநாயகியாக வருஷக்கணக்கில் நின்றவர். 1932 முதல் ஆறு பாகமாக வந்த 'நாடக மேடை நினைவுகள்' படித்தவர்களுக்குத் தெரியும், அந்த நண்பரைப் பற்றி எழுதும் இடங்களில் பம்மலின் கணக்குப்பிள்ளை நடை இளகிவிடும். ரங்கவடிவேலு இறந்த பிறகு மேடை அவருக்குப் பழைய மேடையாக இல்லை. நம் மொழியில் இரண்டு ஆண்களின் நட்பைப் பற்றி வந்த நல்ல எழுத்துகளில் ஒன்று அது. எழுதியது மேடையில் மனோகரனாக நின்றவர். புடவை கட்டி எதிரில் நின்றவர் என்ன நினைத்தார்? ஜாக்கெட்டை முதலில் மாட்டியபோது கூச்சமா, சந்தோஷமா? அந்தப் பக்கம் நமக்குக் கிடைக்கவில்லை.

அந்தப் பக்கத்தை எழுதியவர் குஜராத்தி மேடையில் இருந்தார். ஜயசங்கர் போஜக், 1889-இல் பிறந்தவர். 1901-இல் பம்பாயில் 'சௌபாக்ய சுந்தரி' என்ற நாடகத்தில் சிறுவனாகக் கதாநாயகி வேஷம் கட்டினார். ஜனங்கள் அவரைச் சுந்தரி என்றே கூப்பிட ஆரம்பித்துக் கடைசியில் அவர் பெயரே ஜயசங்கர் சுந்தரி ஆகிவிட்டது. பம்பாயில் பெரிய வீட்டுப் பெண்கள் அவர் புடவை கட்டுகிற விதத்தையும் நடையையும் பார்த்துப் பழகினார்கள் என்பது வரலாறு. 1971-இல் பத்ம பூஷண். இறந்ததற்கு அடுத்த வருஷம், 1976-இல், அவருடைய சுயசரிதை வந்தது. கொஞ்சம் கண்ணீர், கொஞ்சம் பூ என்று தலைப்புக்கு அர்த்தம். முதல் தடவை ரவிக்கை போட்டுக் கண்ணாடி பார்த்தபோது தனக்குள்ளிருந்து ஓர் இளம் பெண் வெளியே வந்ததைப் பார்த்தேன் என்று எழுதுகிறார். அதற்காக மன்னிப்பும் கேட்கவில்லை, விளக்கமும் கொடுக்கவில்லை. கல்யாணம், குடும்பம், ஊர் எல்லாம் அதே புத்தகத்தில் அடுத்தடுத்து வருகின்றன. காத்ரின் ஹான்சன் 'ஸ்டேஜஸ் ஆஃப் லைஃப்' என்ற தொகுப்பில் ஆங்கிலத்தில் கொடுத்திருக்கிறார். நம் பையனுக்கு நான் முதலில் கொடுத்தது இதைத்தான்.

சீனத்து மெய் லான்ஃபாங்கையும் சொன்னேன். பீக்கிங் ஆபராவில் பெண் வேஷத்தின் சக்கரவர்த்தி. அவரும் தன் மேடை வாழ்க்கையை நூலாகச் சொல்லியிருக்கிறார். ஜப்பான் ஆக்கிரமிப்புக் காலத்தில் ஆடச் சொல்லிக் கேட்டபோது அவர் காட்டிய எதிர்ப்பு மீசை. மீசை வளர்த்துக்கொண்டார், ஆட முடியாது, முடிந்தது. கதையைக் கேட்டு நம்ம ஆள் டீயைச் சிந்திக்கொண்டு சிரித்தான்.

இங்கே பிறகு என்ன ஆயிற்று என்பது உங்களுக்குத் தெரிந்ததே. பெண்கள் மேடைக்கு வந்தார்கள், 1931-இல் பேசும் படம் வந்தது, வர வேண்டியதுதான், வந்தது நல்லது. பெண்ணுக்குப் பெண்ணே நடிக்கட்டும். ஆனால் ஸ்திரீபார்ட் நடிகருக்குக் கிடைத்து வந்த மரியாதை அவரோடு சேர்ந்து காணாமல் போய், பெண்வேஷம் சினிமாவில் காமெடி டிராக்குக்குப் போனது. கமல் தன் 1996 படத்துக்கு 'அவ்வை சண்முகி' என்று பெயர் வைத்தது குருநாதருக்கு மரியாதை. படம் எனக்கும் பிடிக்கும். அந்த மாமியை நாம் மதித்தோம் என்பது வேறு. மற்றபடி 'ஆணழகன்' தொடங்கி 'ரெமோ' வரைக்கும் புடவை கட்டிய ஆண் என்றால் சிரி என்று நம்மைப் பழக்கிவிட்டார்கள். மலையாளத்தில் 2005-இல் 'சாந்துபொட்டு' வந்தது. அதற்குப் பிறகு கேரளத்துப் பள்ளிகளில் நளினமாக நடக்கிற ஒவ்வொரு பையனுக்கும் அந்தப் படத்தின் பெயரே வசவு. நம்ம ஆளும் வாங்கியிருக்கிறான். நோட்டில் ஒரு பக்கம் முழுக்க அதுதான்.

வேடிக்கை என்னவென்றால் இதே ஜனங்கள் கோயிலில் வேறு மாதிரி. குலசேகரன்பட்டினம் தசராவில் முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டு மீன்பிடிக்கிறவரும் டிரைவரும் காளி வேஷம், குறத்தி வேஷம் கட்டி ஊர் ஊராகக் காணிக்கை வாங்குகிறார்கள். கொல்லம் பக்கம் சவறையில் கொட்டன்குளங்கரை தேவி கோயிலில் மீன மாதம் சமயவிளக்கு. ஆயிரக்கணக்கான ஆண்கள் புடவை கட்டி, பூ வைத்து, விளக்கேந்தி வரிசையில் நிற்கிறார்கள், மனைவியே பொட்டு வைத்து அனுப்புகிறாள். சாமிக்கு என்றால் நேர்த்தி. சம்பளத்துக்கு என்றால் கேலி. ஆசைக்கு என்றால் அடி.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைப் பிரித்துச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கமெண்டில் யாராவது குழப்புவார்கள். டிராக் என்பது வேஷம், ஆட்டம், தொழில். திருநங்கை என்பது வேஷம் இல்லை. ஒருவர் திருநங்கையாக இருந்துகொண்டு டிராக்கும் ஆடலாம், அது தனி. இந்த வித்தியாசத்தை எனக்கு விளங்க வைத்தது எந்த விளக்கக் கையேடும் இல்லை, ஆ. ரேவதியின் எழுத்து. நாமக்கல் பக்கத்துக் கிராமத்தில் சிறுவனாக இருந்தபோது மாரியம்மன் திருவிழாவில் குறத்தி வேஷம் கட்டியதை அவர் எழுதுகிறார். ஊர் கண்ணுக்கு அது ஒரு பையன் கட்டிய வேஷம். அவருக்கோ, தினமும் போட்டுக்கொண்டிருந்த சட்டையும் கால்சட்டையும்தான் வேஷம், குறத்திதான் தான். சுந்தரி கண்ணாடியில் பார்த்த பெண் மேடை முடிந்ததும் திரும்பிப் போகிறவள். ரேவதி பார்த்த பெண் திரும்பிப் போகவே இல்லை.

ரேவதி தன் கதையோடு நிற்கவில்லை என்பதும் முக்கியம். 2004-இல் 'உணர்வும் உருவமும்' என்று தன்னைப் போன்றவர்களின் வாழ்க்கைகளைக் கேட்டுத் தொகுத்தார். பிறகு தன் கதை ஆங்கிலத்தில் 2010-இல், தமிழில் 'வெள்ளை மொழி'யாக 2011-இல். அதற்கு முன்பே 2007-இல் லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான் வித்யா'. வித்யா நாடகக்காரரும்கூட. அந்தப் புத்தகம் கன்னடத்தில் படமாகி, அதில் நடித்த சஞ்சாரி விஜய்க்குத் தேசிய விருது கிடைத்தது. திருநங்கை பாத்திரத்தைத் திருநங்கைக்குக் கொடுக்காமல் ஆணுக்குக் கொடுத்தது சரியா என்று கேட்டால், நான் இல்லை என்பேன். மேடையில் பெண்ணின் இடத்தை ஆண் எடுத்துக்கொண்ட பழைய வழக்கம் வேறு ரூபத்தில் தொடர்கிறது.

கேரளத்தில் ஜெரீனா 2006-இல் ஒரு மலையாளி ஹிஜடாவின் சுயசரிதையை எழுதினார். விஜயராஜமல்லிகா 2018-இல் 'தெய்வத்தின்றெ மகள்' கவிதைத் தொகுப்பைக் கொண்டுவந்தார். இந்த எழுத்துகள் தனியாக வந்தவை இல்லை. 2014-இல் உச்ச நீதிமன்றத்தின் நால்சா தீர்ப்பு, 2015-இல் கேரள அரசின் திருநர் கொள்கை, 2018-இல் ஒருபாலுறவைக் குற்றமாக்கிய 377-ஆவது பிரிவின் பிடி விலகியது எல்லாம் முன்னும் பின்னும் நடந்தன. ஆனால் பழைய மலையாள மேடையின் பெண்வேஷக்காரர்களில் ஓச்சிற வேலுக்குட்டி பெரிய பெயர். குமாரனாசானின் 'கருணா' நாடகமானபோது வாசவதத்தை அவர்தான். எதிரில் செபாஸ்டியன் குஞ்ஞுகுஞ்ஞு பாகவதர். வேலுக்குட்டியைப் பற்றி என் கண்ணில் பட்டதெல்லாம் பார்த்தவர்கள் சொன்ன நினைவுகள்.

இப்போது ஆடுகிறவர்கள்? அலெக்ஸ் மாத்யூ என்ற மலையாளி 2014 முதல் பெங்களூரில் 'மாயா' என்று புடவையில் ஆடுகிறார், பெண்ணுரிமை பேசுகிறார். ஹைதராபாத்தில் பட்ருனி சாஸ்திரி பரதம் படித்தவர், மனைவி குழந்தை உள்ளவர். டிராக் ஆடுகிறவன் என்றால் இப்படித்தான் இருப்பான் என்று நாம் வைத்திருக்கும் கணக்குகளை அவர் வாழ்க்கையே கலைத்துவிடுகிறது. 'டிராக்வந்தி' என்ற பெயரில் இந்தியா முழுக்க ஆடுகிறவர்களின் அனுபவங்களைச் சேர்க்கவும் செய்கிறார். அமெரிக்காவில் பேராசிரியராக இருக்கும் கரீம் குப்சந்தானி 'லாஹோர் வாகிஸ்தான்' என்ற பெயரில் ஆன்ட்டியாக மேடை ஏறுவார். 2023-இல் அவர் எழுதிய 'டீகாலனைஸ் டிராக்' சின்னப் புத்தகம். டிராக் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று நினைப்பவர்கள் படிக்கலாம். இவை பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதுதான் என் குறை. ஆங்கிலத்தில் எழுதினால் பெங்களூர் படிக்கும், பாஸ்டன் படிக்கும். காக்கநாட்டுப் பையனின் அம்மா படிக்க மாட்டார்.

அவன் நோட்டைப் பற்றிச் சொல்கிறேன். முதல் இருபது பக்கம் வாதம். நாங்களும் மனுஷர்தான், சட்டம் இப்படிச் சொல்கிறது, சமூகம் மாற வேண்டும். எல்லாம் நியாயம்தான், எனக்கோ கொட்டாவி வந்தது. நடுவில் ஒரு பக்கம் இருந்தது. நிகழ்ச்சி முடிந்து ராத்திரி ஆட்டோ பிடிக்கிறான். முகத்தைத் துடைத்தாகிவிட்டது. நகப்பூச்சைக் கலைக்க மறந்துவிட்டான். டிரைவர் கண்ணாடியில் நகத்தைப் பார்க்கிறார். கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்கிறான். இறங்கும்போது காசு கொடுக்கக் கை நீட்டித்தானே ஆக வேண்டும்? டிரைவர் சில்லறையை எண்ணிக் கொடுத்துக்கொண்டே, தன் மகளும் இதே நிறம்தான் போடுகிறாள், வீட்டில் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைப்பாள், போகாது, ரிமூவர் வாங்கிக்கொள் என்கிறாராம். அவ்வளவுதான் பக்கம்.

"இதை மட்டும் எழுதுடா" என்றேன். "இதில் உரிமை எங்கே இருக்கிறது சேச்சி?" என்றான். முழுக்க அதுதான் இருக்கிறது என்பது என் கட்சி. வாதத்துக்கு எதிர்வாதம் எப்போதும் தயாராக இருக்கும். ஒன்பதாம் நம்பர் ஹீல்ஸ் கிடைக்காதவனோடு யார் சண்டை போட முடியும்? சண்முகமும் சுந்தரியும் ரேவதியும் கேட்பவனை உட்கார வைத்தது இப்படித்தான். அவன் ஒப்புக்கொள்ளவில்லை. கோஷமும் வேண்டும், கோஷம் போட்டவர்களால்தான் நான் இன்றைக்கு மேடை ஏறுகிறேன் என்றான். அதுவும் சரிதான். இருபது பக்கத்தை ஐந்தாக்குவதாகச் சமரசம்.

எழுதாமல் சொன்னவரும் உண்டு. வங்காளத்து ஜாத்ராவில் ராணி வேஷம் கட்டிய சபல் பாதுரி, பெண்கள் வந்து தன் வாய்ப்பு போன பிறகு சீதளா தேவியாக வேஷம் கட்டிப் பிழைத்தார். 1999-இல் நவீன் கிஷோர் கேமராவை வைத்து அவரைப் பேச விட்டார். தன் மேடையையும் தான் ஓர் ஆணைக் காதலித்ததையும் அவர் வாயாலேயே சொன்னார். பிற்பாடு சந்தீப் ராய் அவரைப் பற்றி முழு நூலே எழுதினார். பேனா பிடிக்காதவரிடமிருந்தும் சுயசரிதை வாங்க முடியும். யாராவது உட்கார்ந்து கேட்க வேண்டும்.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். கூத்தில், புராண நாடகத்தில், வள்ளித் திருமணத்தில் ஸ்திரீபார்ட் கட்டிய பெரியவர்கள் மதுரை, புதுக்கோட்டை, திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கங்களில் இன்னும் இருக்கிறார்கள். உங்கள் தெருவிலோ சொந்தத்திலோ ஒருவர் இருந்தால் போனை ஆன் பண்ணி வைத்துவிட்டுக் கேளுங்கள். முதல் வேஷம் எது, யார் புடவை கட்டிவிட்டார்கள், ராத்திரிக்கு என்ன சம்பளம், டோப்பா எங்கே வாங்கினார்கள், மகரக்கட்டு உடைந்ததும் என்ன செய்தார்கள், வீட்டில் என்ன சொன்னார்கள். அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள், திருத்த வேண்டாம். அவர் சம்மதித்தால் எனக்கும் அனுப்புங்கள், இங்கே போடுகிறேன். பெயர் வேண்டாம் என்றால் பெயர் இல்லாமல்.